படகேறி வந்த மான்கள்

கிரேக்க நாட்டுத் தீவுகளுக்குச் சென்று வந்தோர் எழுதும் குறிப்புகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. மீனவர் வாழும் சிற்றூரின் துறையில் படகு வந்து நின்றதும், எங்கிருந்தோ பூனைகள் வந்து கூடுகின்றன. மீனவர் வலையை உதறி, விலைபோகாத சிறு மீன்களை அவற்றின் முன் எறிகின்றனர். வெண்சுவர்களின் மீதும், கல் படிகளின் மீதும், தேநீர்க் கடைகளின் நாற்காலிகளிலும் பூனைகள் உரிமையோடு படுத்துறங்குகின்றன. ஹைட்ரா போன்ற தீவுகளுக்குச் சென்றோர் அங்குள்ள பழைய மாளிகைகளை மறந்தாலும் பூனைகளை மறப்பதில்லை. நாம் அத்தீவுகளை நேரில் கண்டதில்லை. படித்தும் படங்களில் பார்த்தும் அறிந்ததே.

ஆயினும், வரலாற்றில் விருப்பமுடையோர்க்கு இங்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. கடல் சூழ்ந்த தீவுக்குப் பூனை எவ்வாறு வந்தது? நீந்தி வந்திருக்க இயலாது. தானியத்தை எலிகளிடமிருந்து காக்கும்பொருட்டு மனிதன்தான் அதனைப் படகில் ஏற்றி வந்திருத்தல் வேண்டும். சைப்ரஸ் தீவில், மனிதர் ஒருவரைப் புதைத்த குழியின் அருகே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டு, 2004ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தனர். ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி அது. அத்தீவின் காடுகளில் இயற்கையாகப் பூனை இருந்ததில்லை. ஆகவே, அத்துணைப் பழங்காலத்திலேயே மனிதன் கடல்மேற் செல்லும்போது பூனையையும் உடன்கொண்டு சென்றான் என்பது பெறப்படுகிறது. தீவில் வாழும் விலங்கு ஒன்று, அத்தீவுக்கு யார் வந்தனர், ஏன் வந்தனர் என்பதைக் கூறும் சான்றாக நின்றுவிடுகிறது.

இவ்வாறு விலங்குகளால் பெயர்பெற்ற சிறு தீவு ஒன்று நம் நாட்டிலும் உண்டு. சென்னையிலிருந்து கப்பலில் ஏறினால் மூன்று நாள் பயணத்தில் அடையும் அந்தமானின் தலைநகரை நீண்ட காலம் போர்ட் பிளேயர் என்று வழங்கினோம். 2024ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அந்நகரின் துறையிலிருந்து படகேறினால் சில நிமிடங்களில் ராஸ் தீவு வந்துவிடும். 2018ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் சூட்டப்பட்டது. எனினும், படகோட்டிகளும் பழைய நூல்களும் இன்னும் வழங்கும் பெயரையே இக்கட்டுரையில் எடுத்தாள்கிறோம்.

அலுவல் நிமித்தமாகத் தலைநகருக்குச் சென்றிருந்த நாம், ஓய்வு கிடைத்த ஒரு நாள் காலையில் அத்தீவில் இறங்கினோம். தென்னை மரங்களின் நிழலில், நம் நாட்டுப் புள்ளிமான்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தன. காட்டில் மனித வாடை பட்டதும் பாய்ந்து மறையும் மான், இங்கே தலையை நிமிர்த்தி நம்மை நோக்கி நடந்து வந்தது. பின்னால் ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு சாவதானமாகச் சென்றது. சென்னை கிண்டியில் சிறு வயதில் கம்பிவேலிக்கு அப்பால் கண்ட மானை, கடல் கடந்து வந்த இடத்தில் கையெட்டும் தொலைவில் கண்டபோது, அயலூரில் நம் ஊர்க்காரர் ஒருவரை எதிர்பாராது சந்தித்தாற் போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்க்கு அம்மகிழ்ச்சியை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் அம்மகிழ்ச்சியினூடே ஒரு சொல் நம் நினைவில் உறுத்திக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பு நம் தொழில். தீவுகளின் வனவிலங்குகளைப் பற்றிய குறிப்பு ஒன்று சில மாதங்களுக்கு முன் தமிழாக்கத்திற்காக நம்மிடம் வந்தது. அந்தமானின் மான்களை ஆங்கிலேயர் 'இன்ட்ரடியூஸ்' செய்தனர் என்றது மூலம். அறிமுகப்படுத்தினர் என்று எழுதினோம், அடித்துவிட்டோம். ஒருவரை மற்றவர்க்கு அறிமுகப்படுத்துவது மரியாதையான செயல். இங்கே யாரை யாருக்கு அறிமுகப்படுத்தினர்? குடியேற்றினர் என்று எழுதினோம், அதுவும் பொருந்தவில்லை. குடியேறுவோர்க்கு விருப்பமும் நோக்கமும் உண்டு. சொல் கிட்டாமலே அப்பணி முடிந்தது. சரியான சொல் ராஸ் தீவின் வரலாற்றில் இருந்தது.

அந்தமான், நிக்கோபார்த் தீவுகள் தமிழர்க்குப் புதியன அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு, அவன் கடல் கடந்து வென்ற இடங்களுள் நக்கவாரத்தையும் குறிக்கிறது. நக்கவாரம் என்பது நிக்கோபாரே. ஆயினும், ராஸ் தீவின் எழுதப்பட்ட வரலாறு மிகவும் பிற்பட்டது. 1789ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்டு பிளேயர் என்னும் கடற்படை அளவையாளர் இவ்விடத்தில் ஆங்கிலக் குடியிருப்பு ஒன்றை நிறுவினார். குடியிருப்பு பின்னர் வடக்கே வேறொரு துறைக்கு மாற்றப்பட்டு, நோயும் சாவும் மிகுந்தமையால் 1796ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. டேனியல் ராஸ் என்ற மற்றொரு கடல் அளவையாளரின் பெயரே இச்சிறு தீவுக்கு இடப்பட்டது.

அறுபது ஆண்டுகள் தீவுகள் தம்போக்கில் இருந்தன. 1857ஆம் ஆண்டு பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதில் சிறைப்பட்டோரை எங்கே வைப்பது என்று ஆட்சியாளர் எண்ணியபோது அந்தமான் நினைவுக்கு வந்தது. 1858ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் ஜே. பி. வாக்கர் என்பவர் 200 கைதிகளுடன் வந்திறங்கினார். காட்டை வெட்டியவர்கள் அக்கைதிகளே; கல் சுமந்தவர்களும் அவர்களே. தப்பியோடிப் பிடிபட்டவர்களுள் 80க்கும் மேற்பட்டோரை வாக்கர் தூக்கிலிட்டார். வெப்பத்தாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். அவர்களின் உழைப்பின் மீது ராஸ் தீவு தண்டனைக் குடியிருப்பின் தலைமையிடமாக எழுந்தது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தமான் முழுவதும் இங்கிருந்தே ஆளப்பட்டது.

ஒரு சதுரக் கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாத நிலப்பரப்பில் தேவாலயம், தலைமை ஆணையரின் மாளிகை, ரொட்டிச் சாலை, அச்சுக்கூடம், மருத்துவமனை, கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் நிலையம், டென்னிஸ் திடல், நீச்சற்குளம், கேளிக்கை மன்றம் யாவும் அமைந்தன. கிழக்கின் பாரிஸ் என்று இதனைப் புகழ்ந்தோரும் உண்டு. இத்தீவின் மேட்டிலிருந்து நோக்கினால் எதிர்க்கரையில் தெரிவது, 1896ஆம் ஆண்டு தொடங்கி 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட தனிக்கொட்டடிச் சிறை. இக்கரையில் நடனம், அக்கரையில் செக்கிழுத்தல். இரண்டிற்கும் இடையே சிறிதளவு கடல்தான்.

ஆங்கில அலுவலர்க்கு இத்தீவு தம் நாட்டுச் சிற்றூர் போலவும், இந்தியாவின் பெருநகர் போலவும் ஒருங்கே தோன்றல் வேண்டும். ஆகவே, கப்பல்களில் மரமும் இரும்பும் வந்ததுபோல உயிரினங்களும் வந்தன. மைனா வந்தது, சிட்டுக்குருவி வந்தது, காகமும் வந்தது, அழகுக்காக மயில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வேட்டைக்காகவும் கண்ணுக்கு இனிமைக்காகவும் புள்ளிமான்களைக் கொண்டுவந்து அந்தமானில் விட்டனர். வேட்டையாடியோர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போயினர். மான்கள் போகவில்லை.

அந்தமான் காட்டில் புலியில்லை, சிறுத்தையில்லை, செந்நாயும் இல்லை. மேயும் பெருவிலங்கும் அங்கு இருந்ததில்லை; நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் பெரியது காட்டுப்பன்றியே. பகையும் போட்டியும் அற்ற காட்டில் மான்கள் பெருகின. நன்கு நீந்த வல்லவையாதலால் குறுகிய கடற்கால்களைக் கடந்து அடுத்தடுத்த தீவுகளுக்கும் பரவின. மான்களைக் கட்டுப்படுத்தும்பொருட்டு 1950களின் தொடக்கத்தில் இரண்டு சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டனர். இரண்டும் பெண் சிறுத்தைகள்! அவற்றின் வழி அங்கே தொடரவில்லை. ஒரு பிழையைத் திருத்த மற்றொரு பிழையைப் படகேற்றிய கதை அது.

யானைக்கும் இதுபோன்ற கதை உண்டு. மரம் இழுப்பதற்காகத் தீவுகளுக்கு யானைகள் கொண்டுவரப்பட்டன. 1960களில் மர வணிகம் நொடித்துப்போனபோது, இன்டர்வியூ தீவில் ஏறத்தாழ 40 யானைகள் அப்படியே விடப்பட்டன. உழைத்த விலங்குக்கு ஓய்வூதியம் இல்லை; ஊர் திரும்பக் கப்பலும் இல்லை. அவை காட்டு யானைகளாயின.

தீங்கு எங்கே என்று நேயர் வினவலாம். அழகிய மான், இலையைத்தானே உண்கிறது? பல்லாயிரம் ஆண்டுகளாக மேயும் விலங்கை அறியாத காடு அது. மரக்கன்றுகள் தலைதூக்குமுன்பே மான்கள் அவற்றை மேய்ந்துவிடுகின்றன. மேலே நெடிய மரங்கள் நிற்கின்றன. கீழே அவற்றின் வழித்தோன்றல் இல்லை. அடர்ந்த கீழ்வளர்ச்சியை நம்பி வாழும் பல்லி, ஓணான் போன்ற சிற்றுயிர்களும் மான் மிகுந்த தீவுகளில் குறைந்திருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றுள் சில, உலகில் வேறெங்கும் இல்லாதவை. மானுக்கோ நம் நாட்டின் பரந்த நிலப்பரப்பு உண்டு.

விலங்குகளின் கதையோடு நிறுத்திக்கொண்டால் வரலாற்றில் பாதியை மறைத்தவராவோம். படகுகள் வருமுன் இங்கே மனிதர் இருந்தனர். பேரந்தமானியர் என்று நாம் இன்று அழைக்கும் மக்கள் பல குழுவினராய், பல மொழி பேசுவோராய்ச் சில ஆயிரவர் வாழ்ந்தனர். தம் காடு வெட்டப்படுவதைக் கண்டு 1859ஆம் ஆண்டு மே மாதம் அபர்டீன் என்னுமிடத்தில் வில்லேந்திப் போரிட்டனர். துப்பாக்கியின் முன் தோற்றனர். 1863ஆம் ஆண்டு ராஸ் தீவிலேயே அந்தமான் இல்லம் என்ற பெயரில் ஒரு விடுதி அமைத்து அவர்களைப் பழக்க முற்பட்டனர். அங்கே பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1877ஆம் ஆண்டு தட்டம்மை பரவியது. கப்பலில் வந்த நோய்களுக்கு அவர்களின் உடலில் எதிர்ப்பு இல்லை. இன்று பேரந்தமானியர் ஐம்பது அறுபது பேரே எஞ்சியுள்ளனர்.

அவர்கள் பேசிய மொழிகளுள் ஒன்று 'போ' என்பது. அம்மொழியை இறுதியாக அறிந்திருந்த போவா சீனியர் என்னும் மூதாட்டி 2010ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் காலமானார். தம் தாய்மொழியில் பேசுவதற்கு மறுமொழி சொல்வார் எவருமின்றிப் பல ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இதனினும் துயரமான செய்தி வேறில்லை. பிற மாநிலத்தில் வாழ்ந்து, வீட்டில் குழந்தைகள் தமிழில் மறுமொழி சொல்வார்களோ என்று ஏங்கும் பெற்றோர் அம்மூதாட்டியின் தனிமையைச் சற்றே உணர்வர்.

வந்தவை யாவும் கேடே விளைத்தன என்பதும் உண்மையன்று. 1858ஆம் ஆண்டுக்கு முன் அந்தமானியர் நாயை அறியார். கப்பலில் வந்த நாயை அவர்கள் விரைவில் தமதாக்கிக்கொண்டனர்; காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கினர்; அன்போடு வளர்த்தனர். அதே நாய்கள், பொறுப்பாளர் இன்றிக் கடற்கரையில் திரியும்போது ஆமை இட்ட முட்டைகளைத் தோண்டித் தின்கின்றன. வேறுபாடு நாயிடம் இல்லை. அதற்குப் பொறுப்பேற்கும் மனிதர் உளரா இலரா என்பதில்தான் உள்ளது.

ராஸ் தீவின் ஆடம்பரம் விரைவில் முடிந்தது. 1941ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் தாக்கிக் கட்டடங்களைச் சிதைத்தது. 1942ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியர் வந்திறங்கினர். 1943ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி எதிர்க்கரை நகரில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். ஜப்பானியரும் 1945ஆம் ஆண்டு அகன்றனர். அவர்கள் விட்டுச் சென்றவை கடலை நோக்கிய காவற்குழிகளும், உணவுக்காகக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஆப்பிரிக்கப் பெருநத்தையுமாகும். அந்நத்தை இன்றும் தோட்டக்காரர்களுக்குத் தொல்லையாக இருந்து வருகிறது. தலைமையிடம் மீண்டும் ராஸ் தீவுக்குத் திரும்பவில்லை. 1979ஆம் ஆண்டு தீவு இந்தியக் கடற்படையின் பொறுப்பில் வந்தது.

இன்று தேவாலயத்தின் சுவரை ஆலின் வேர்கள் இறுகத் தழுவி நிற்கின்றன. சில இடங்களில் சுவரை வேர் தாங்குகிறதா, வேரைச் சுவர் தாங்குகிறதா என்று சொல்ல இயலவில்லை. நடன மன்றத்தின் வாயிற்படியில் ஒரு பெண்மான் தன் கன்றுடன் படுத்திருந்தது.

அங்கேதான் அம்முதியவரைச் சந்தித்தோம். நம்முடன் அதே படகில் பேரனை அழைத்து வந்தவர். பையன் பையிலிருந்து பிஸ்கோத்தை எடுத்து மானுக்கு நீட்டினான். முதியவர் அவன் கையை மெல்லப் பற்றி, "வேண்டாம் கண்ணு, அது வயித்துக்கு ஆகாது. தள்ளி நின்னு பாரு" என்றார். தமிழ்க்குரல் கேட்டதும் அருகிற் சென்று, "ஐயா, தங்களுக்கு எந்த ஊர்?" என்று வினவினோம். தமிழர் இருவர் வெளியூரில் சந்தித்தால் முதலில் எழும் வினா அதுவன்றோ!

அவர் சிரித்தார். "எந்த ஊரைச் சொல்லட்டும் சார்? பாட்டன் பிறந்தது இராமநாதபுரம் பக்கம். அப்பாவும் நானும் பிறந்தது கண்டிக்கு மேலே தேயிலைத் தோட்டத்திலே. சாஸ்திரி ஒப்பந்தத்திலே கப்பலேத்தி விட்டாங்க. கச்சால் தீவிலே ரப்பர் பால் வெட்டினோம். 2004 டிசம்பர்லே கடல் பொங்கி எல்லாத்தையும் கொண்டுபோச்சு. அப்புறம் இங்கே வந்தோம். இந்தப் பையன் இங்கேதான் பிறந்தான். அவனைக் கேட்டா, இதுதான் ஊர்ம்பான்."

அவர் கூறிய ஒப்பந்தம், 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்டது. மலையகத் தமிழர் பல இலட்சம் பேரைக் கணக்கிட்டுப் பிரித்த ஒப்பந்தம் அது. தாயகம் திரும்பியோர் என்று ஏடுகளில் எழுதப்பட்டோரில் ஒரு சாரார், தாம் கண்டறியாத நிக்கோபாரில் ரப்பர்த் தோட்டத்தில் வாழ்வைத் தொடங்கினர். கச்சால் நிக்கோபார் மக்களின் தீவு. அங்கே முன்பே தென்னையும் பன்றியும் வளர்த்து, கடலோரக் குடில்களில் வாழ்ந்தவர்கள் இருந்தனர். "அவங்க காட்டுலே எதையும் கேக்காம தொடமாட்டோம் சார், எங்க அப்பா சொல்லிக்கொடுத்தது" என்றார் முதியவர்.

மானைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டோம். "அது தப்பு என்ன சார்? கொண்டாந்து விட்டவன் போயிட்டான். ஆனா காடு அழியுதுன்னு வனத்துறைக்காரங்க சொல்றதும் நிஜந்தான். மானுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியுமே!" என்றார்.

நூல் பல கற்று நாம் சொல்ல முயன்றதை அவர் நான்கு சொற்றொடரில் முடித்துவிட்டார். மனிதரை விலங்கோடு ஒப்பிடுதல் தகாது. வந்தவரெல்லாம் கேடு என்று கூறி மனிதரை மனிதர் விரட்டுவதற்கு இவ்வரலாறு துணைநில்லாது. கைதியாக வந்தவரும், அகதியாக வந்தவரும், பிழைப்புக்காக வந்தவரும் தீவுகளைத் தம் உழைப்பால் ஊராக்கியுள்ளனர். ஆயினும், மானுக்கு இல்லாத ஒன்று மனிதனுக்கு உண்டு. தான் வருமுன் அங்கே யார் இருந்தனர், எது வளர்ந்தது என்று அவன் கேட்டறிய முடியும். அறிந்தபின் தன் கையை அடக்கிக்கொள்ளவும் முடியும். ராஸ் தீவை ஆண்டவர்கள் செய்யத் தவறியது இதுவே. அம்முதியவரின் குடும்பம் செய்தது இதுவே. பிற மாநிலங்களில் வாழும் நாமும் இவ்வினாவை நம்மிடம் கேட்டுக்கொள்வது நன்று. நாம் குடியிருக்கும் தெருவுக்குப் பழைய பெயர் என்ன? அங்கே முன்னர் வாழ்ந்தோர் யாவர்? அவர்கள் மொழியில் நன்றி என்பதற்கு என்ன சொல்?

அம்மான்களை என்ன செய்வது என்பது எளிய வினா அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமானுக்கும் காவல் தருகிறது. ஒரே விலங்கு ஓரிடத்தில் காக்கப்படவேண்டியதாகவும், மற்றோரிடத்தில் கட்டுப்படுத்தப்படவேண்டியதாகவும் இருப்பதை அறிஞரும் அரசும் அமர்ந்து ஆராய்தல் வேண்டும். அங்கு செல்லும் நம்மாலும் ஆவது ஒன்று உண்டு. மானுக்கு ரொட்டியும் பிஸ்கோத்தும் கொடாதிருத்தல். படமெடுத்துக்கொண்டு திரும்புமுன், அத்தீவின் காட்டை வெட்டிய கைதிகளையும், அங்கே அடைபட்டு மாண்ட பழங்குடி மக்களையும் ஒருகணம் நினைத்தல்.

மாலைப் படகு புறப்பட்டது. மான்கள் துறைவரை வந்து நின்றன. கிரேக்கத் தீவின் பூனைகளும் இவ்வாறுதான் படகைப் பார்த்து நிற்கும்போலும். தில்லிக்குத் திரும்பியதும் பழைய கோப்பை எடுத்து, அந்த ஒரு சொல்லைத் திருத்தினோம். அறிமுகப்படுத்தினர் என்பதும் இல்லை. குடியேற்றினர் என்பதும் இல்லை. முதியவர் வாயிலிருந்து வந்த சொல்லையே ஏட்டுக்கு ஏற்றவாறு எழுதினோம்: மான்களை ஆங்கிலேயர் அத்தீவுகளுக்குக் கொண்டுவந்து விட்டுச் சென்றனர்.